மேடைக்கும் திரைக்கும்: வன்னியில் எழுதவும் நடிக்கவும் பழகுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பள்ளிக்கூடம், சனசமூக நிலையம், இளைஞர் கழகம், கோயில் மேடை என்று கிளிநொச்சியிலிருந்து மன்னார் வரை நாடகம் பழகுகிறவர்களும், கையிலுள்ள போனால் குறும்படம் எடுக்க நினைக்கிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. சிலவற்றுக்கு ஒரு வரி போதும், சிலவற்றுக்கு ஒரு பக்கமும் போதாது.

எழுத்தா, நடிப்பா? எதில் தொடங்குவது?

நடிப்பில். எழுதத்தான் ஆசை என்றாலும் ஒரு நாடகத்திலாவது சின்னப் பாத்திரம் ஏற்று மேடையில் நின்று பாருங்கள். கடதாசியில் அழகாக ஓடும் இருபது சொல் வசனம் பத்தாவது சொல்லில் மூச்சை முடித்துவிடும் என்பது நின்று பேசினால்தான் பிடிபடும். மற்றவர் ஒரு பக்கம் பேசி முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றவர், பிறகு தான் எழுதும்போது யாரையும் அப்படி நிற்கவிடமாட்டார்.

அதற்குப் பிறகு மூன்று பக்கத்தில் ஒரு காட்சி எழுதுங்கள். ஒரே இடம், ஒரே நேரம், இரண்டே பேர். ஒருவருக்கு மற்றவரிடமிருந்து ஒன்று வேண்டும், மற்றவர் அதைக் கொடுக்கத் தயாரில்லை. எழுதியதை வேறு இருவர் வாசிக்கட்டும், நீங்கள் வாய் திறக்காமல் கேளுங்கள். அவர்கள் தடக்குப்படும் இடங்களிலெல்லாம் பென்சிலால் கோடு போடுங்கள். முதல் திருத்தம் அந்தக் கோடுகளில்தான் தொடங்கும். “அது அப்படியில்லை, இப்படி வாசிக்கவேணும்” என்று இடையில் விளக்கம் சொன்னால் அந்த வாசிப்பால் பயனில்லை. பார்வையாளருக்குப் பக்கத்தில் இருந்து விளக்கம் சொல்ல எழுத்தாளர் வரப்போவதில்லை.

வன்னியில் இருந்துகொண்டு முறையாகப் படிக்க வழி உண்டா?

உண்டு. நாடகமும் அரங்கியலும் சாதாரணதரத்திலும் உயர்தரத்திலும் பாடமாக இருக்கிறது. எல்லாப் பள்ளிக்கூடத்திலும் அதற்கு ஆசிரியர் இருக்கமாட்டார், ஆகவே உயர்தரத்துக்குப் பாடசாலை தெரிவு செய்யும்போதே இதை விசாரித்துக்கொள்ளுங்கள். பட்டப்படிப்புக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும், மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும் இருக்கின்றன. அழகியல் கற்கைநெறிகள் சிலவற்றுக்கு வெட்டுப்புள்ளியோடு செயன்முறை அல்லது உளச்சார்புப் பரீட்சையும் உண்டு. அதற்கான விண்ணப்பத் திகதி தனியாக வரும். புள்ளி இருந்தும் அந்தத் திகதியைத் தவறவிட்டு இடம் இழக்கிறவர்கள் ஒவ்வொரு முறையும் இருக்கிறார்கள்.

படிக்கும் வயது தாண்டியவர்களுக்குப் பிரதேச செயலகத்தின் கலாசார உத்தியோகத்தர்தான் முதல் வாசல். எந்தக் கிராமத்தில் எந்த அண்ணாவியார் கூத்துப் பழக்குகிறார், எங்கே களப்பயிற்சி நடக்கப்போகிறது, அரச நாடக விழாவுக்கு எப்போது விண்ணப்பம் கோருவார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும். பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ்மொழித் தினப் போட்டி நல்ல களம்: இலக்கிய நாடகம், இசை நாடகம், நாட்டுக்கூத்து, வில்லுப்பாட்டு எல்லாம் அதில் உண்டு. ஒரு குறை சொல்லத்தான் வேண்டும். போட்டிக்கென்றே பழக்கும்போது நடுவர் மேசையைப் பார்த்துப் பேசும் பழக்கம் ஒட்டிவிடுகிறது. அதைக் கழற்றப் பிறகு கனகாலம் எடுக்கும்.

கூத்துத் தெரியாமல் நவீன நாடகம் பழகலாமா?

பழகலாம். ஆனால் பக்கத்தில் கிடக்கிற சொத்தை விட்டுவிட்டுப் போவதாக இருக்கும். முள்ளியவளைப் பக்கத்தில் கோவலன் கூத்து, பல ஊர்களில் சிந்துநடையில் காத்தவராயன் கூத்து, மன்னாரில் கத்தோலிக்க மக்களிடம் வடபாங்கு, தென்பாங்கு என்ற இரு மரபு நாடகங்கள் என்று இந்தப் பகுதி கூத்து நிறைந்தது. 1960களில் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் விடிய விடிய ஆடிய கூத்துகளைச் சுருக்கி நகர மேடைக்குக் கொண்டுவந்த பிறகு, படித்தவர்களும் கூத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். 1978இல் குழந்தை ம. சண்முகலிங்கம் தொடங்கிய நாடக அரங்கக் கல்லூரி, உடற்பயிற்சி, விளையாட்டு, குரற்பயிற்சி என்று நடிகரைத் தயார்செய்யும் களப்பயிற்சி முறையை வடக்கில் பரவலாக்கியது. இன்று பழக்குகிறவர்களில் பலர் இந்த இரண்டு வழியிலிருந்தும் எடுத்துக்கொண்டவர்கள்.

கூத்திலிருந்து நவீன நடிகர் எடுக்கவேண்டிய முதல் பாடம் வரவு. பாத்திரம் களரிக்குள், அதாவது கூத்தாடும் இடத்துக்குள், வரும்போதே தான் யார், என்ன குணம், எந்த மனநிலை என்பதைப் பாட்டாலும் காலாலும் சொல்லிவிடுகிறது. இதை ஒரு பயிற்சியாகச் செய்து பாருங்கள். பஸ் கொண்டக்ரர், மாட்டைத் தேடி வருகிற கிழவர், வங்கியில் கடன் கேட்க வந்த பெண் என்று மூன்று பேரை எடுங்கள். ஒவ்வொருவருக்கும் எட்டு அடி தூரம், பேச்சில்லை. அந்த எட்டு அடிக்குள் பார்க்கிறவர் ஆளைச் சொல்லிவிட வேண்டும். பெரும்பாலும் சறுக்குவது முகத்தில் நடித்துக்கொண்டு காலைச் சும்மா விடுவதால்தான். கால் முதலில், முகம் கடைசியில்.

ஆட்டம் பழகும்போது சீமெந்துத் தரையைத் தவிருங்கள். மண் தரையில் வராத முழங்கால் நோவும் கெண்டைக்கால் முன்னெலும்பு நோவும் சீமெந்தில் ஒரு கிழமைக்குள் வந்துவிடும்.

கதைக்கு எங்கே போவது? எப்போதும் பண்டாரவன்னியன்தானா?

வன்னியின் கடைசி மன்னன் பண்டாரவன்னியனின் கதை நல்ல கதைதான். 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கியதும், அதே ஆண்டு கற்சிலைமடுவில் தோற்றதும் நாடகத்துக்கென்றே அமைந்த ஏற்றமும் இறக்கமும். ஆனால் வாளும் மீசையும் முழக்கமுமாக அது அத்தனை தரம் மேடையேறிவிட்டது. புதிதாக எழுதுகிறவருக்கு அதில் சொந்தமாகச் செய்ய இடம் குறைவு.

வாய்மொழிக் கதைகளைப் பாருங்கள். வேலப்பணிக்கன் பெண்சாதி அரியாத்தை யானையைக் கட்டிய கதை வன்னியில் ஒப்பாரிப் பாட்டாகவே வழங்கி வந்தது. இதை மேடையேற்ற நினைக்கிற எல்லாருக்கும் முதலில் யானைதான் பிரச்சினை. காட்போட்டில் யானை செய்து இரண்டு பேர் உள்ளே நுழைந்து வந்தால் சனம் சிரிக்கும், அத்தோடு கதை முடிந்தது. யானையை வெளியே விடுங்கள். மேடையில் கயிறு மட்டும் இருக்கட்டும். ஆண்கள் கூடி நின்று ஏன் இன்றைக்குப் போகமுடியாது என்று ஆளுக்கொரு நியாயம் சொல்கிறார்கள்: ஒருவருக்கு நாள் சரியில்லை, ஒருவருக்குக் கால் சுளுக்கு. அவர்கள் கதைக்கக் கதைக்க ஒரு பெண் பின்னால் குந்தியிருந்து கயிற்றின் பிரி பிரியாகப் பார்த்து, நைந்த இடத்தில் முடிச்சுப் போடுகிறாள். அவளுக்கு வசனமே இல்லை. கடைசியில் எழும்புகிறாள். யானை வருவதை மத்தளமும் மற்றவர்களின் கண்ணும் காட்டிவிடும். இப்படியான கதைகளில் இன்னொரு வசதி, தனி எழுத்தாளர் ஒருவரிடம் உரிமை கேட்க வேண்டியதில்லை.

இன்றைய கதைகளுக்கும் பஞ்சமில்லை. குளத்துத் தண்ணீர்ப் பங்கீடு, வெளிநாட்டிலிருந்து காணியைக் கேட்டு வரும் தம்பி, நுண்கடன் கட்டும் நாள், யானைவேலி. கருப்பொருளில் தொடங்காமல் ஆளில் தொடங்குங்கள். “போதைப்பொருள் ஒழிப்பு” என்று தலைப்புக் கொடுத்து எழுதச் சொன்னால் கடைசிக் காட்சியில் ஒருவர் வந்து பிரசங்கம் வைப்பது தவிர்க்கமுடியாததாகிவிடும். அப்படி ஒரு தலைப்பைத்தான் தந்துவிட்டார்கள் என்றால், போதைக்காரனை விட்டுவிட்டு, அவனுக்குக் காசு கொடுக்கிற அம்மம்மாவைக் கதைக்கு நடுவில் வையுங்கள்.

பிரதியை எந்த வடிவில் எழுதுவது?

மேடைக்கு: மேலே காட்சி இலக்கம், இடம், நேரம். பாத்திரப் பெயர் இடப்பக்கம், அதற்கெதிரே வசனம், செய்கை அடைப்புக்குறிக்குள். தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் அச்சிட்டு, வலப்பக்கம் மூன்று விரல் அகலம் வெற்றிடம் விடுங்கள். ஒத்திகையில் அசைவுகளைக் குறிக்க அது வேண்டும்.

திரைக்கு: காட்சித் தலைப்பில் உள்ளே அல்லது வெளியே, இடம், பகல் அல்லது இரவு. அதன்கீழ் கண்ணால் பார்க்கக்கூடியதும் காதால் கேட்கக்கூடியதும் மட்டும். “அவன் தன் இளமைக் காலத்தை நினைத்துக் கவலைப்பட்டான்” என்பதைக் கமராவால் எடுக்க முடியாது. அவன் பழைய சைக்கிளின் பெல்லை ஒருதரம் அடித்துப் பார்க்கிறான் என்றால் எடுக்கலாம்.

ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற கணக்கு ஆங்கிலத் திரைக்கதையின் எழுத்துருவுக்கும் பக்க அமைப்புக்கும் ஏற்ப வந்தது. தமிழில் எழுத்துரு மாறப் பக்கமும் மாறும். அதை நம்பாமல், செய்கைகளையும் கற்பனையில் செய்துகொண்டே உரக்க வாசித்து, போனில் நேரம் பிடியுங்கள். நிதானமான பேச்சில் நிமிடத்துக்கு 80 முதல் 100 சொல் வரை போகும். இருபது நிமிட நாடகத்துக்கு 2000 சொல் வசனம் எழுதினால் நடிக்க நேரமே இருக்காது. 1200ஐத் தாண்டாமல் பாருங்கள்.

வசனம் எங்கட பேச்சிலா, எழுத்துத் தமிழிலா?

சமூக நாடகம் என்றால் பேச்சில். ஆனால் யாருடைய பேச்சு என்பதில் கவனம் வேண்டும். புதியவர்களின் பிரதியில் அப்பாவும் அம்மாவும் வன்னியில் பேச, காதலிக்கிற பெடியனும் பெட்டையும் மட்டும் சென்னையில் பேசுவார்கள். படம் பார்த்துப் பழகிய காதுக்கு இது தெரியாது. உரக்க வாசித்தால் உடனே கேட்கும்.

இன்னொன்று, வன்னியில் எல்லாரும் ஒரே மாதிரிப் பேசுவதில்லை. 1958, 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இங்கே நிறையப் பேர். மன்னாரிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் முஸ்லிம் ஊர்கள் இருக்கின்றன. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களின் பேச்சு வேறு. பாத்திரம் எங்கிருந்து வந்த குடும்பம் என்று முடிவெடுத்துவிட்டு எழுதுங்கள். மலையகப் பேச்சைச் சிரிப்புக்கு மட்டும் வைக்கும் பழக்கம் எங்கள் மேடைகளில் இன்னும் இருக்கிறது, அதை விட்டொழிப்பது நல்லது.

ஒரு பகுதியைக் கிட்ட நின்று பார்ப்போம். முதல் பிரதியில் இப்படி வரும்:

மகன்: அம்மா! நான் வெளிநாடு செல்ல முடிவெடுத்துவிட்டேன். இந்த மண்ணில் எனக்கு எதிர்காலம் இல்லை.
அம்மா: ஐயோ மகனே! உன்னைப் பிரிந்து நான் எப்படி வாழ்வேன்?

இரண்டு பேரும் மனதில் இருப்பதை முழுதாகச் சொல்லிவிட்டார்கள், நடிகருக்குச் செய்ய ஒன்றும் மிச்சமில்லை. திருத்திய பிறகு:

(அம்மா சுளகில் அரிசி புடைக்கிறா.)
மகன்: அம்மா, என்ர பாஸ்போட்டை எங்க வைச்சனீங்கள்?
அம்மா: (நிறுத்தாமல்) ஏன், இப்ப என்னத்துக்கு?
மகன்: சும்மா. ஒருக்காப் பாக்க.
(புடைக்கும் சத்தம்.)
மகன்: உங்கட சங்கிலி... அடைவிலையே இருக்கு?
(சுளகு நிற்கிறது.)
அம்மா: சோறு ஆறுது. போய்ச் சாப்பிடு.

வெளிநாடு என்ற சொல்லே இல்லை. ஆனால் அவன் போகப்போகிறான் என்பதும், காசு எங்கிருந்து வரவேண்டும் என்பதும், அம்மாவுக்கு அது விளங்கிவிட்டது என்பதும் தெரிகிறது. சுளகுச் சத்தம் நிற்கிற இடம்தான் காட்சியின் உச்சம். நெறியாளர் அங்கே இரண்டு விநாடி விடவேண்டும். அம்மா பாத்திரமேற்கிறவர் அந்த இரண்டு விநாடிக்குள் அழத் தொடங்கினால் காட்சி பழையபடி முதல் பிரதிக்கே போய்விடும்.

மேடைக்கு எழுதியதை அப்படியே குறும்படமாக்கலாமா?

அப்படியே முடியாது. மேடையில் கடைசி வரிசையில் இருக்கிறவருக்கும் விளங்கவேண்டும் என்பதால் சொல் கூட, அசைவு பெரிது. கமரா மூன்றடியில் நிற்கிறது. மேலே உள்ள காட்சியில் சுளகு நிற்பதை நெருங்கிய ஷொட்டில் எடுத்தால் “சோறு ஆறுது” என்ற வசனமும் வேண்டாம் என்று தோன்றலாம். பொதுவாக மேடை வசனத்தில் பாதியை வெட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

நடிப்பிலும் அதே கதைதான். மேடை நடிகர் கமரா முன் செய்யும் பெரிய பிழை புருவம். ஒவ்வொரு சொல்லுக்கும் புருவம் ஏறி இறங்கும். முகத்தை அசைக்காமல், எதிரே நிற்பவரின் ஒரு கண்ணை மட்டும் பார்த்து அதே வசனத்தைச் சொல்லச் சொல்லி எடுத்துக் காட்டுங்கள். அவரே வித்தியாசத்தைப் பார்ப்பார். தொடர்ச்சியும் முக்கியம்: தூர ஷொட்டில் “இல்லை” என்ற சொல்லில் தேத்தண்ணிக் கோப்பையை வைத்தால் கிட்டத்து ஷொட்டிலும் அதே சொல்லில்தான் வைக்கவேண்டும். இல்லாவிட்டால் இரண்டையும் வெட்டி ஒட்ட முடியாது.

குரல் எட்டமாட்டேன் என்கிறது. கத்தினால் அடைக்கிறது. என்ன செய்வது?

கத்துவதால்தான் அடைக்கிறது. தொண்டையை இறுக்கி எழுப்பும் சத்தம் தூரம் போகாது, குரல்நாணைத்தான் வீங்கவைக்கும். மல்லாந்து படுத்து வயிற்றில் ஒரு கொப்பியை வையுங்கள். மூச்சு எடுக்கும்போது கொப்பி உயரவேண்டும், தோள் உயரக்கூடாது. பிறகு “ஸ்...” என்று ஒரே சீராக மூச்சை விடுங்கள். முதல் நாள் 10 விநாடி வந்தால் போதும். தினமும் செய்தால் 20, 25க்குப் போகலாம். அதன்பிறகு வாயை மூடி “ம்” என்று ஐந்து நிமிடம், உதடும் மூக்கும் அதிரும்வரை. அந்த அதிர்வை விடாமல் வசனத்துக்குப் போங்கள்.

கடைசி எழுத்தை விழுங்குவதுதான் எட்டாததற்கு அரைவாசிக் காரணம். தமிழில் வினைமுற்று கடைசியில் வருகிறது, மூச்சும் அங்கேதான் முடிகிறது. “நான் வரமாட்டன்” என்பதில் “மாட்டன்” கேட்காவிட்டால் பின்வரிசைக்கு எதிர்க்கருத்துத்தான் போய்ச் சேரும். வசனத்தின் கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கிப் பழகுங்கள்.

ஆட்டத்துக்கு முன் இளஞ்சூட்டுத் தண்ணீர். குரல் கம்மல் மூன்று கிழமைக்கு மேல் நின்றால் கைமருந்தை விட்டுவிட்டுக் காது மூக்குத் தொண்டை கிளினிக்குக்குப் போங்கள்.

வசனம் மறந்துபோகிறது.

சொந்த வசனத்தை மட்டும் மனனம் செய்வதால் அப்படி. உங்கள் முறைக்கு முந்தின ஆளின் கடைசிச் சொல்லையும் சேர்த்துப் படியுங்கள். அசைவோடு படித்தால் இன்னும் நிற்கும்: குடத்தை இறக்கும்போது இந்த வரி, திரும்பும்போது அந்த வரி. திரைக்குப் பின்னால் ஆள் வைத்து வசனம் எடுத்துக் கொடுக்கும் வழக்கத்தை ஒத்திகை நடுப்பகுதியோடு நிறுத்திவிடுங்கள். அந்த ஆள் இருக்கும்வரை ஒருவரும் பாடமாக்கமாட்டார்கள்.

எத்தனை நாள் ஒத்திகை? எப்போது வைப்பது?

மேடையில் ஒரு நிமிடத்துக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை மணித்தியாலம் என்று வையுங்கள். இருபது நிமிட நாடகத்துக்கு ஏறக்குறைய 30 மணித்தியாலம். கிழமைக்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் இரண்டு மணித்தியாலம் என்றால் ஐந்து கிழமை. முதற் கிழமை உட்கார்ந்து வாசிப்பும் பாத்திரம் பற்றிய கதையும். அடுத்த இரண்டு கிழமை அசைவு. நாலாவதில் பிரதியைக் கீழே வைக்கவேண்டும். ஐந்தாவதில் முழு ஓட்டம், உடுப்பு, பொருட்கள், ஒலி, ஒளி. அரங்கேற்றத்துக்கு முதல்நாள் ஒரேயொரு ஓட்டம் போதும்.

வன்னியில் நாட்காட்டியையும் பார்க்கவேண்டும். ஐப்பசி முதல் மார்கழி வரை மழை, திறந்த வெளி நம்பமுடியாது. தையிலும் மாசியிலும் காலபோக அறுவடை, ஆட்கள் வயலில். பங்குனி தொடக்கம் ஆவணி வரைதான் வசதி, கோயில் பொங்கல்களும் திருவிழாக்களும் அதற்குள்ளேதான் கூடுதலாக வருகின்றன. கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டு, அதற்கு அரைமணித்தியாலம் முன்பே முடியுங்கள். பெண்பிள்ளைகள் இரண்டாம் கிழமையோடு நின்றுவிடுகிறார்கள் என்று முறைப்படுகிற குழுக்கள் பலவற்றில் ஒத்திகை இருட்டிய பிறகுதான் முடிகிறது.

மைக் கூவுகிறது, வசனம் விளங்கவில்லை.

ஸ்பீக்கர் மைக்குக்குப் பின்னால் இருந்தால் கூவும். அதன் சத்தம் திரும்ப மைக்குக்குள் போய்ச் சுற்றுகிறது. ஸ்பீக்கர் இரண்டையும் மேடையின் முன்விளிம்பைவிட ஆறடி முன்னே, சனத்தைப் பார்த்து வையுங்கள். நடிகர் மைக்குக்கு மைக் ஓடவேண்டாம். மேடை முன்விளிம்பில் மூன்று மைக்கைத் தாழ்வாக வைத்து, அடியில் மெத்தென்ற துணி போட்டால் கால்சத்தம் குறையும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் மைக் தலைக்குப் பஞ்சுறை கட்டாயம். இசைக்கும் வசனத்துக்கும் சேர்த்து ஒரே அளவில் சத்தம் வைக்கிற ஒலிபெருக்கிக்காரருக்குப் நாடகப் பிரதியின் நகல் ஒன்றைக் கொடுத்து, எங்கே குறைக்கவேண்டும் என்று சிவப்பில் குறித்துவிடுங்கள்.

லைற்றுக்கு எவ்வளவு வேண்டும்?

சின்ன மேடைக்கு 500 வாற் ஹலோஜன் நாலு போதும். இரண்டு இடப்பக்கம், இரண்டு வலப்பக்கம், நடிகரின் முகத்துக்கு 45 பாகை மேலிருந்து. நேர் முன்னாலிருந்து அடித்தால் முகம் தட்டையாகிவிடும், கீழிருந்து அடித்தால் எல்லாரும் பேய். நாலும் சேர்ந்து 2000 வாற், 230 வோல்ற்றில் ஏறத்தாழ 8.7 அம்பியர் இழுக்கும். வகுப்பறையின் 5 அம்பியர் பிளக்கில் இதைக் கொழுவினால் வயர் சூடாகும், பியூஸ் போகும். இரண்டு வெவ்வேறு சுற்றுகளில் பிரியுங்கள் அல்லது 3 கேவீஏ ஜெனரேற்றர் எடுங்கள். ஜெனரேற்றர் சத்தம் கேட்காத தூரத்தில், மேடையிலிருந்து காற்று வீசும் திசையில் இருக்கட்டும். எக்ஸ்ரென்சன் வயரை உருளையில் சுற்றியபடியே பாவிக்கக்கூடாது, முழுவதும் விரித்துவிடுங்கள். சுற்றிய வயர் சூட்டில் உருகும்.

எல்ஈடி விளக்கு மின்சாரம் குறைவாக எடுக்கும், ஆனால் நிறம் மாறிக்கொண்டே இருக்கும் கலியாணவீட்டு விளக்கை நாடகத்துக்கு வாங்கிவராதீர்கள்.

முகத்துக்கு என்ன பூசுவது?

முதலில் மெல்லிய பூச்சாகத் தேங்காய் எண்ணெய், பிறகு அடிப்பூச்சு, பிறகு பவுடர். பழைய அரிதாரம் நஞ்சுப்பொருள் (அது ஆசனிக் சேர்ந்த கனிமம்), எங்கேயாவது பெட்டியில் கிடந்தாலும் தொடவேண்டாம். குறும்படத்துக்கு வியர்வையைத் துடைக்க ஒரு துவாயும் கொஞ்சம் பவுடரும் போதும்.

போனால் குறும்படம் எடுக்கலாமா?

தாராளமாக. நாலு விடயத்தைச் சரிசெய்தால் பாதி வெற்றி.

இங்கே மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். போன்கள் வழக்கமாக விநாடிக்கு 30 படம் என்று வைத்திருக்கும். அதனால் ரியூப்லைற்றுக்குக் கீழே எடுத்தால் திரையில் பட்டை பட்டையாக ஓடும். கையால் அளவு மாற்றக்கூடிய ஒரு கமரா அப்பை இறக்கி 25 படம், ஷட்டர் ஐம்பதில் ஒன்று என்று வையுங்கள், பட்டை போய்விடும். வெளிச்சத்தையும் குவியத்தையும் ஒவ்வொரு ஷொட்டுக்கும் பூட்டுங்கள், இல்லாவிட்டால் ஆள் அசைய அசையப் படம் இருண்டு வெளிக்கும்.

வெயில். பத்து மணிக்குப் பிறகு சூரியன் தலைக்கு மேலே நின்று கண்குழிகளைக் கறுப்பாக்கிவிடும். காலை ஆறேகாலிலிருந்து ஒன்பது வரையும், பின்னேரம் நாலிலிருந்து ஆறு வரையும் வெளிக்காட்சிகளை எடுத்துவிட்டு, நடுப்பகலில் வீட்டுக்குள் ஜன்னல் ஓரக் காட்சிகளுக்குப் போங்கள். நாலடி ரெஜிபோம் ஒன்றைப் பிடித்து வெளிச்சத்தை முகத்துக்குத் திருப்பினால் செலவில்லாத விளக்கு.

ஒலி. படம் கொஞ்சம் மோசமாக இருந்தாலும் சனம் பொறுக்கும், வசனம் கேட்காவிட்டால் பொறுக்காது. வயர் மைக் ஒன்றை நடிகரின் நெஞ்சில், நாடியிலிருந்து ஒரு சாண் கீழே ஒட்டி, இன்னொரு போனில் ஒலியைத் தனியாக எடுங்கள். ஒவ்வொரு ஷொட்டின் தொடக்கத்திலும் கமராவுக்குத் தெரியக் கைதட்டினால் பிறகு இரண்டையும் பொருத்தலாம். ஒவ்வொரு இடத்திலும் ஒருவரும் பேசாமல் 30 விநாடி வெறும் ஒலியை எடுத்து வையுங்கள். வெட்டுகளுக்கிடையில் விழும் ஓட்டையை அதுதான் மூடும். போனை விமான நிலைக்கு மாற்ற மறக்கவேண்டாம், நல்ல நடிப்பின் நடுவில்தான் யாராவது அழைப்பார்கள்.

நாலாவது, ஷொட் பட்டியல். ஐந்து நிமிடப் படத்துக்கு 40 ஷொட் வரும், புதிய குழு ஒரு நாளைக்கு 15 அல்லது 20ஐத்தான் எடுத்து முடிக்கும். ஆகவே இரண்டு நாளோ மூன்று நாளோ திட்டமிடுங்கள். எடுத்ததை அன்றிரவே இரண்டு வெவ்வேறு இடங்களில் பதிந்துவிட்டுத்தான் போனிலிருந்து அழிக்கவேண்டும்.

யாரிடம் அனுமதி வாங்கவேண்டும்?

கிராம அலுவலருக்கும் பொலிசுக்கும் கடிதம் எப்போதும் நல்லது. ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி வேண்டும், இரவு 10 மணிக்குப் பிறகு கட்டுப்பாடு உண்டு, ஆகவே விடியவிடியக் கூத்து என்றால் விண்ணப்பத்திலேயே நேரத்தைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள். ரிக்கெற் போட்டால் பிரதேச சபையில் கேளிக்கை வரி பற்றிக் கேட்கவேண்டும். பொதுவில் காட்டும் நாடகத்துக்கும் படத்துக்கும் கொழும்பிலுள்ள தணிக்கைச் சபையின் அனுமதி தேவைப்படும். பிரதியை முன்கூட்டியே அனுப்பினால் கடைசி நேர ஓட்டம் இல்லை. ட்ரோன் என்றால் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் அனுமதி இல்லாமல் மேலே ஏற்றவேண்டாம்.

காட்டோரத்தில் படம் பிடிக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை நிற்கும் இடத்திலோ, கண்ணிவெடி அகற்றி முடியவில்லை என்று ஊரார் சொல்லும் இடத்திலோ நல்ல பின்னணிக்காக ஓரடி கூட உள்ளே வைக்கக்கூடாது. புதிய இடம் எதுவென்றாலும் முதலில் அந்த ஊர்க்காரரோடு நடந்து பாருங்கள்.

போரைப் பற்றி எழுதலாமா?

எழுதலாம். 2009 மே வரை அதற்குள் இருந்தவர்கள்தான் உங்கள் முன்வரிசையில் இருப்பார்கள் என்பதை நினைத்து எழுதுங்கள். வெடிச்சத்தத்துக்குப் பட்டாசு கொளுத்துவது, திடீரென்று விமான இரைச்சலைப் போடுவது இங்கே உத்தி ஆகாது. அவர்களின் உடல் அதை நாடகமாக எடுக்காது. சத்தம் வேண்டுமென்றால் மத்தளத்தில் குறிப்பால் காட்டலாம், தொடங்கும் முன் அறிவித்தும் விடலாம். உண்மையில் ஒரு குடும்பத்துக்கு நடந்ததை எடுத்தால் அவர்களிடம் முதலில் பிரதியை வாசித்துக் காட்டுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையைத் தேடும் தாய் ஒருவரை, அவரது சொந்த வாழ்க்கையையே மேடையில் நடிக்கச் சொல்லிக் கேட்பது கூடாது.

இப்படியான பாத்திரம் ஏற்ற நடிகரை ஆட்டம் முடிந்தவுடன் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். உடுப்பைக் கழற்றி, முகம் கழுவி, தன் சொந்தப் பெயரைச் சொல்லி, பத்து நிமிடம் மற்றவர்களோடு வேறு கதை கதைத்துவிட்டுப் போகட்டும்.

என் பிரதியை வேறொரு குழு எடுத்து ஆடினால்?

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதிய கணத்திலிருந்தே பதிப்புரிமை உங்களுடையது. பதிவு செய்யத் தேவையில்லை. உங்கள் ஆயுள் முழுவதும், அதற்குப் பின் 70 ஆண்டும் அது நிற்கும். ஆனால் எழுதியது நீங்கள்தான் என்று காட்ட ஆதாரம் வேண்டும். ஒவ்வொரு திருத்தத்தையும் திகதியோடு உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பி வைத்திருங்கள். கதைக்கு மட்டும் உரிமை கோர முடியாது, எழுதிய வடிவத்துக்குத்தான். அதனால் கதையை வாயால் சொல்லிவிட்டு “என்ர கதையைக் களவெடுத்திட்டாங்கள்” என்று முறையிட்டுப் பயனில்லை.

இதே சட்டம் மறுபக்கமும் வெட்டும். குறும்படத்தில் சினிமாப் பாட்டைப் பின்னணியாகப் போட்டால் யூரியூப் அதை முடக்கலாம், போட்டிகளும் ஏற்கமாட்டா. ஊரில் ஹார்மோனியம் வாசிக்கிறவரைக் கூப்பிட்டு மூன்று நிமிடம் வாசிக்கச் சொல்லிப் பதியுங்கள். எந்தப் படத்துக்கு, எவ்வளவு காசுக்கு என்று ஒரு தாளில் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். பெயரைக் கடைசி எழுத்தோட்டத்தில் பிழையில்லாமல் போடுங்கள்.